15 நாள், 3 லட்சம், போக வர டிக்கெட்: தம்பியை அனுப்பலாமா?

கேள்வி: 3 ஆகஸ்ட் 2025, சேலம் அம்மாப்பேட்டை வாசகி

என் தம்பிக்கு 24 வயது. பட்டுத் தறி ஓட்டுகிறான். இப்போது தறிக்குப் பாவு நூல் ஒழுங்காகக் கிடைப்பதில்லை, வாரத்தில் நாலு நாள் வேலை இருந்தால் பெரிது. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஏஜென்ட் இவனிடம், "வெளிநாட்டுல புது மருந்துச் சோதனை, 15 நாள் ஆஸ்பத்திரியில படுத்திருந்தா போதும், 3 லட்சம் கொடுப்பாங்க, போக வர டிக்கெட் அவங்க செலவு" என்று சொல்லியிருக்கிறார். முதலில் பாங்காக் போக வேண்டுமாம், அங்கிருந்து கூட்டிக்கொண்டு போவார்களாம். பதிவுக் கட்டணம் 15,000. அதில் 5,000 கட்டிவிட்டான். பாஸ்போர்ட்டும் ஏஜென்ட் கையில் இருக்கிறது. "உனக்குப் போலி மருந்துதான் கொடுப்பாங்க, வெறும் சர்க்கரை மாத்திரை, நான் சொல்லி வச்சிருக்கேன்" என்றும் சொன்னாராம். அம்மா தினமும் அழுகிறார். இப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா? அனுப்பலாமா?

பதில்: 3 ஆகஸ்ட், இரவு

அனுப்பாதீர்கள். முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டை வாங்குங்கள். அது இந்திய அரசின் சொத்து. இன்னொருவர் மேஜை டிராயரில் வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. நாளைக் காலை நீங்களே கூடப் போங்கள். தர மறுத்தால் அங்கிருந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

நிஜமாகவே இருக்கிறதா என்றால், இருக்கிறது. நானே இங்கிலாந்தில் ஒரு மருந்து ஆய்வில் இருந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். உண்மையான ஆய்வுக்கூடம் பங்கேற்பவரிடம் ஒரு பைசா வாங்காது. பணம் அங்கிருந்து இங்கே வருமே தவிர இங்கிருந்து அங்கே போகாது.

5 ஆகஸ்ட்

மருந்து ஆய்வு எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். நேரமிருக்கிறது, எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் பிறந்தவள். அப்பா காபி எஸ்டேட்டில் ரைட்டர். 2016இல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனேன். மறு வருடம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: 18 முதல் 45 வயது வரை ஆரோக்கியமானவர்கள் தேவை. ஒரு மாத்திரையை முதல் தடவையாக மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வு.

உடனே மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துப் போனேன். முதலில் கொடுத்தது 22 பக்கப் படிவம். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள், யாரிடமாவது காட்டுங்கள், கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு டாக்டர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். என்னையே திருப்பிச் சொல்லச் சொன்னார்: இந்த மருந்தால் என்ன ஆகலாம், எத்தனை தடவை ரத்தம் எடுப்பார்கள், நடுவில் விலகினால் என்ன ஆகும். நான் சரியாகச் சொன்ன பிறகுதான் பேனாவைக் கொடுத்தார்.

அப்புறம் பரிசோதனை. ரத்தம், சிறுநீர், ஈசிஜி, எடை, உயரம். இதில் ஒரு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்காகச் சொல்ல வேண்டும். முந்தின நாள் அறைத்தோழி வீட்டில் குருமா சாப்பிட்டிருந்தேன், கசகசா அரைத்து ஊற்றியது. சிறுநீரில் போதை மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் மார்ஃபின் வகை இருப்பதாகக் காட்டிவிட்டது! கசகசா அபினிச் செடியின் விதை. அப்படிக் காட்டுவது உண்டு என்று அந்த நர்ஸ் அம்மாவுக்குத் தெரிந்திருந்ததால் தப்பித்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடி சோதித்துச் சேர்த்துக்கொண்டார்கள். நிலவேம்பு, கஷாயம், லேகியம், காய்ச்சல் மாத்திரை, எதைச் சாப்பிட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். "அது மருந்தில்லையே" என்று நாம் விடுவது அவர்களுக்கு மருந்துதான்.

உள்ளே 10 இரவுகள். 12 கட்டில்கள், எனக்கு 7ஆம் எண். ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் சுவர்க் கடிகாரம், எல்லாம் ஒரே நொடியில் ஓடும். மருந்து கொடுத்த நாளன்று 15 நிமிடம், அரை மணி, ஒரு மணி, இரண்டு, நாலு, எட்டு, பன்னிரண்டு மணி என்று கையில் குத்தி வைத்த கேனுலா குழாய் வழியாக ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். என் கையைப் பிடித்தபடி நர்ஸ் கடிகாரத்தைப் பார்ப்பார், முள் கோட்டைத் தொட்டதும் இழுப்பார். இரவு இரண்டு மணிக்கும் அப்படித்தான். ஒரு நாள் கொழுப்பு நிறைந்த காலை உணவு: வெண்ணெயில் பொரித்த இரண்டு முட்டை, பன்றி இறைச்சித் துண்டுகள், வெண்ணெய் தடவிய ரொட்டி, உருளைக்கிழங்கு, ஒரு டம்ளர் முழுப் பால். அரை மணிக்குள் தட்டு காலியாக வேண்டும். கொழுப்போடு சேர்ந்தால் மருந்து எப்படி உடம்பில் ஏறுகிறது என்று பார்க்கத்தான் அந்தச் சாப்பாடு. கடைசி ரொட்டித் துண்டை விழுங்கியபோது எனக்குக் கண்ணீர் வந்தது, அம்மா வார்க்கும் இட்லி நினைவில்.

6 ஆகஸ்ட்

பணத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆம், கொடுத்தார்கள். அதை வாங்கியதில் எனக்கு வெட்கமில்லை. அந்தப் பணம் நேரத்துக்கும் சிரமத்துக்கும் கொடுப்பது, ஆபத்துக்கு விலை இல்லை. ஆபத்து கூடுகிறது என்பதற்காகப் பணத்தைக் கூட்டக் கூடாது என்பதுதான், ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று கவனிக்கும் நெறிமுறைக் குழுக்கள் பார்க்கும் கணக்கு. எங்கள் படிவத்தில் ஒரு வரி இருந்தது: நடுவில் விலகினால் அதுவரை இருந்த நாட்களுக்குப் பணம் உண்டு. உங்கள் தம்பியிடம் இருக்கும் தாளில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள்.

9 ஆகஸ்ட்

"என்ன பெரிதாக ஆகிவிடும், வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் பாதுகாப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதைக் கடந்துபோக முடியவில்லை.

2006 மார்ச் 13. லண்டனில் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரி வளாகத்தில் இருந்த ஒரு தனியார் ஆய்வுப் பிரிவு. டிஜிஎன்1412 என்ற மருந்து, முதல் முறையாக மனிதர்களுக்கு. எட்டு இளைஞர்களுக்குப் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் ஏற்றினார்கள். விலங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500இல் ஒரு பங்குதான். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், வாந்தி, அப்புறம் ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழக்கத் தொடங்கியது. முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று தெரிவதற்குள் அடுத்தடுத்த கட்டிலுக்கும் மருந்து ஏறிவிட்டது. உயிர் யாருக்கும் போகவில்லை. ஒருவர் கால் விரல்களையும் கை விரல்களின் நுனிகளையும் இழந்தார். மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனம் சில மாதங்களில் திவாலாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் விதிகள் இறுகின. ஒருவருக்கு முதலில் கொடுத்துப் பார்த்து, காத்திருந்து, பிறகே மற்றவர்களுக்கு. எங்கள் ஆய்விலும் முதல் நாள் இரண்டு பேருக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். நாங்கள் பத்துப் பேரும் மறுநாள்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். ஏன் இந்தத் தாமதம் என்று எரிச்சலாக இருந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது, அந்த ஒரு நாள் யாரோ பட்ட வலியில் கிடைத்தது என்று புரிந்தது.

10 ஆகஸ்ட்

மேலே நான் எழுதியதில் திருத்தம். எட்டுப் பேருக்கும் மருந்து ஏறவில்லை. ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலி மருந்து. அந்த இருவரும் ஆரோக்கியமாக உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ஆறு பேரும் துடிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். தங்களுக்கு எது ஏறியது என்று அவர்களுக்கும் அப்போது தெரியாது. நினைவிலிருந்து எழுதினேன், தவறிவிட்டது. சுட்டிக்காட்டிய சூரமங்கலத்துக்காரருக்கு நன்றி.

அப்புறம் 2016 ஜனவரியில் பிரான்சில் ரென் நகரில் இதே போன்ற முதல் கட்ட ஆய்வில் ஒருவர் இறந்தார். அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை.

12 ஆகஸ்ட்

பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தது. இரண்டு இரவாக இதே நினைவாக இருந்தேன். அம்மாவிடம் சொல்லுங்கள், இனி நிம்மதியாகத் தூங்கட்டும். 5,000ஐ யுபிஐயில் கட்டியிருந்தால் சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். தாமதிக்க வேண்டாம்.

பாங்காக் என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியதற்குக் காரணம் உண்டு. 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று போன தமிழ்நாட்டுப் பையன்கள் மியான்மரில் மியாவாடியில் அடைக்கப்பட்டு, ஆன்லைன் மோசடி வேலை செய்ய அடித்து மிரட்டப்பட்டார்கள். அதுவும் "முதலில் பாங்காக், அங்கிருந்து கூட்டிப்போவோம்"தான். மருந்துச் சோதனை என்பது அந்தத் தூண்டிலில் மாட்டிய புதுப் புழுவாக இருக்கலாம்.

17 ஆகஸ்ட்

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

கடைசி மாத்திரை சாப்பிட்டு ஐந்து வாரம் கழித்து, 2017 அக்டோபரில், சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள், பிளாஸ்டிக் உறை போட்டது: இவர் ஒரு மருந்து ஆய்வில் இருக்கிறார், உடல்நலம் கெட்டால் 24 மணி நேரமும் இந்த எண்ணில் கூப்பிடவும். பர்ஸில் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காய்ச்சல். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் உடம்பு அனலாகிவிட்டது. அந்த வருடம் சேலத்தில் டெங்கு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். வார்டுகளில் இடமில்லை, தெருவுக்குத் தெரு நிலவேம்புக் குடிநீர். ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்தோம். அட்டையைக் காட்டினேன். டாக்டர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன மருந்து சாப்பிட்டீங்க?" தெரியாது, ஒரு எண் மட்டும்தான். "உங்களுக்குக் கொடுத்தது நிஜ மருந்தா, போலியா?" அதுவும் தெரியாது. "இதெல்லாம் யார் உங்களைப் பண்ணச் சொன்னது?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வீட்டில் நான் சொல்லியிருக்கவில்லை.

இரவு பதினொன்றரை. அங்கே மாலை ஏழு. அட்டையில் இருந்த எண்ணுக்குப் போட்டால் போகவில்லை. அப்பாவின் போனில் ஐஎஸ்டி வசதி இல்லை. என் இங்கிலாந்து சிம்மில் காசில்லை. அது தரைவழித் தொலைபேசி எண், வாட்ஸ்அப்பும் கிடையாது. 24 மணி நேரமும் விழித்திருந்து எடுக்க அங்கே ஆள் இருந்தார்கள். எனக்குத்தான் கூப்பிட வழியில்லை. கடைசியில் அறைத்தோழிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு, அவள் அங்கிருந்து அவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் அந்தக் கிளினிக் எண்ணுக்குக் கூப்பிட்டபோது மணி ஒன்றரை.

டெங்குதான். ஆய்வு மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரகசியத்தை உடைத்து, எனக்குக் கொடுத்தது நிஜ மருந்துதான், குறைந்த அளவு, இந்நேரம் உடம்பை விட்டுப் போயிருக்கும் என்று இங்கிருந்த டாக்டரிடம் சொன்னார்கள். தினமும் தட்டணுக்கள் எண்ணிக்கையை அனுப்பச் சொன்னார்கள். 41,000 வரை இறங்கி மெல்ல ஏறியது.

அந்த இரண்டு மணி நேரம் கற்றுக்கொடுத்ததைத்தான் உங்கள் தம்பிக்குச் சொல்ல விரும்புகிறேன். எல்லாப் படிவத்திலும் ஒரு வரி இருக்கும்: "எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம்." சத்தியமான வரி அது. ஆனால் கதவைத் திறந்துகொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போக முடிகிறவருக்குத்தான் அது முழு உரிமை. பாஸ்போர்ட் அடுத்தவர் கையில், திரும்பும் டிக்கெட் அடுத்தவர் பெயரில், மொழி தெரியாத ஊர், சட்டைப்பையில் காசில்லை என்றால் அந்த வரி வெறும் மை. உடம்பைக் கொடுக்கப் போகிறவர் முதலில் திரும்பும் வழியைத் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

18 ஆகஸ்ட்

சரியான கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: ஆய்வு உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

பதிவு எண் கேளுங்கள். இந்தியாவில் நடப்பது என்றால் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2007இல் தொடங்கியது, 2009 ஜூனிலிருந்து கட்டாயம். அமெரிக்கப் பதிவேட்டில் என்சிடி என்று தொடங்கி எட்டு இலக்கம், உலகின் பல நாட்டு ஆய்வுகளும் அதில் இருக்கும். பிரிட்டனில் நடப்பவை பலவும் ஐஎஸ்ஆர்சிடிஎன் பதிவேட்டில் கிடைக்கும். எல்லாவற்றையும் போனிலேயே இலவசமாகத் தேடலாம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை பேர், யார் செலவு என்று போட்டிருக்கும். எண் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. பிரிட்டனில் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வில் சேர்ந்துவிடாமல் இருக்க டாப்ஸ் என்று ஒரு பதிவு முறை உண்டு, வெளிநாட்டவரைப் பாஸ்போர்ட் எண்ணை வைத்துப் பார்ப்பார்கள். காசுக்காக ஒன்று முடிந்த கையோடு அடுத்ததில் சேர்ந்தால் இரண்டு மருந்தும் உடம்பில் மோதும். அதனால்தான் மாதக்கணக்கில் இடைவெளி கேட்கிறார்கள்.

2 செப்டம்பர்

"இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள், பிறகு ஏன் போனீர்கள்?"

முதல் தடவை போனது பாதி ஆர்வம், பாதி வாடகை. இப்போது கேட்டால் வேறு பதில் சொல்வேன்.

ஆறாம் வகுப்பில் எனக்கு டைபாய்டு வந்தது. மலையிலிருந்து அப்பா தோளில் போட்டு இறக்கினார். 21 நாள் கஞ்சி, முடியெல்லாம் கொட்டியது. பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணுக்கும் அதே வாரம் வந்தது. அவள் பிழைக்கவில்லை. அவள் பாவாடை கொஞ்ச நாள் கொடியிலேயே கிடந்தது.

போன வருடம் என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் அஸ்தம்பட்டியில் டைபாய்டு தடுப்பூசி போட்டோம். ஹைதராபாத்தில் தயாரானது, டைப்பார் டிசிவி. அது எங்கே சோதிக்கப்பட்டது தெரியுமா? ஆக்ஸ்போர்டில். 2015, 2016இல் சுமார் நூறு பேர், டைபாய்டே இல்லாத ஊரில் ஆரோக்கியமாக இருந்தவர்கள், இந்தத் தடுப்பூசியையோ வேறொன்றையோ போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்து உயிருள்ள டைபாய்டு கிருமி கலந்த திரவத்தைக் குடித்தார்கள். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிடாமல் இருக்க முன்னதாகச் சோடா உப்புத் தண்ணீர். டைபாய்டு ஊசி போடாதவர்களில் 77 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. இந்த ஊசி போட்டவர்களில் 35 சதவீதம். நோய் வந்தவர்களுக்கு உடனே ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். 2017இல் முடிவு வெளியானது, அடுத்த சில மாதங்களில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது. பிறகு நேபாளத்தில் சுமார் 20,000 குழந்தைகளிடம் பார்த்தபோது பாதுகாப்பு சுமார் 80 சதவீதமாக இருந்தது.

நர்ஸ் ஊசியை உறிஞ்சி எடுக்கும்போது அந்தக் குப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் நுனி அளவு. மகள் வீரிட்டு அழுதாள். முகம் தெரியாத யாரோ ஒருவர் என் பிள்ளைக்காக அந்த டம்ளரைக் குடித்திருக்கிறார். என் நன்றி அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணின் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் தைரியம் வரவில்லை.

4 செப்டம்பர்

ஒருவர் மறுத்திருக்கிறார்: "நீங்கள் படிக்கப் போன இடத்தில் சேர்ந்தவர். இதற்கென்றே விமானம் ஏறியவர் இல்லை."

நியாயம். ஆனால் ஒரு தடவை ஏறினேன். ஆய்வு முடிந்து ஒரு வருடம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கி இருந்தது. அதற்குள் படிப்பு முடிந்து சேலம் வந்துவிட்டேன். வராவிட்டால் பரவாயில்லை என்றுதான் எழுதினார்கள். 12 பேரில் ஏற்கெனவே மூன்று பேர் வரவில்லை என்று தெரிந்தது. வாக்குக் கொடுத்திருந்தேன். ஆய்வுக்கூடத்தின் கடிதத்தோடு உண்மைக் காரணத்தை எழுதி விசாவுக்கு விண்ணப்பித்தேன், சென்னையில் கைரேகை கொடுத்தேன், பெங்களூரு போய் விமானம் ஏறினேன். விமானச் செலவு 52,000, என் சேமிப்பிலிருந்து. ரயில் காசு மட்டும் திருப்பித் தந்தார்கள், அவ்வளவுதான் விதி. நாலு குப்பி ரத்தம், இருபது நிமிட வேலை. அதே நர்ஸ் அம்மா இருந்தார். என் கையைப் பார்த்ததும், "ஏழாம் கட்டில்" என்றார்.

7 செப்டம்பர்

கொஞ்சம் விலகிப் போகிறேன். இங்கிலாந்தில் சாலிஸ்பரி பக்கம் 1946 முதல் 1990 வரை சளி ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் இருந்தது. ஆட்கள் பத்து நாள் விடுமுறை போல அங்கே போவார்கள். சாப்பாடு, தங்குமிடம் இலவசம், புல்வெளியில் நடக்கலாம், மூக்கில் சளிக் கிருமி சொட்டு விடுவார்கள். ஜோடியாகத் தங்குவார்களாம், திரும்பத் திரும்ப வந்தவர்களும் உண்டு. மனிதர்களைத் தாக்கும் கொரோனா வகைக் கிருமி ஒன்றை 1960களில் முதலில் பிரித்தவர்களில் அவர்களும் அடக்கம். ஏற்காட்டு ஏரிக்கரையில் அப்படி ஒரு நிலையம் வைத்தால் கோடையில் இடமே கிடைக்காது என்று என் கணவர் சொல்கிறார்.

21 செப்டம்பர்

நாகலூரிலிருந்து ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அண்ணன் மகனுக்குத் தசைச் சிதைவு நோய். வெளிநாட்டில் புது மருந்துக்கு ஆய்வு நடக்கிறதாம், அழைத்துப் போகலாமா என்கிறார். முதல் நாள் நான் எழுதிய "அனுப்பாதீர்கள்" இவருக்குப் பொருந்தாது. அந்த ஒரு சொல்லை எல்லாருக்கும் எழுதியது போல ஆகிவிட்டது, வருந்துகிறேன். உங்கள் டாக்டர் மூலமாக ஆய்வாளருக்கு எழுதுங்கள், நேரடியாகப் பதில் வரும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: ஆய்வு என்பது சிகிச்சை இல்லை. பையனுக்கு வெறும் போலி மருந்தே கிடைக்கலாம், சீட்டுக் குலுக்குவது போலத்தான். பல வருடம் தொடர்ந்து போய்வர வேண்டியிருக்கும் என்பதால் அந்த நாட்டில் குடியிருப்பவர்களை மட்டுமே எடுக்கும் ஆய்வுகள் நிறைய. வீட்டை விற்பதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

5 அக்டோபர்

பணம் வாங்கியதில் வெட்கமில்லை என்று ஆகஸ்டில் எழுதினேன். இப்போதும் அப்படித்தான். ஆனால் கூடவே ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.

1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் இருப்பதைக் கண்டுபிடித்தபோது, ஹுசைன் கான் என்ற நோயாளியைக் கொசுக்கள் கடிக்க விட்டார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா. ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு. ஹுசைன் கான் அந்த ஓர் அணாவை வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தாரா?

ஜூலையில் பள்ளிபாளையத்துச் செய்தி படித்தீர்கள். விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்றார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆனாலும் நடந்தது. ஆய்வில் பங்கேற்பதும் அதுவும் ஒன்றில்லை, எனக்குத் தெரியும். ஆனால் தரகர் வந்து உட்காரும் திண்ணை ஒன்றுதான், கடன் நோட்டும் ஒன்றுதான். எனக்கு வாடகை பாக்கி இருந்தது, ஆனால் அந்தப் பணம் இல்லாவிட்டாலும் அப்பா அனுப்பியிருப்பார். என்னால் "வேண்டாம்" என்று சொல்ல முடிந்தது. உங்கள் தம்பியால் முடியுமா?

2 நவம்பர்

தம்பியை நேரில் பார்த்தேன். அக்காவும் தம்பியுமாக வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையில் நூல் அறுத்த தழும்புகள், அதிகம் பேசாத பையன். ஏஜென்ட் கொடுத்த தாளை விரித்து வைத்தான். ஒன்றரைப் பக்கம். பதிவு எண் இல்லை, டாக்டர் பெயர் இல்லை, நெறிமுறைக் குழு இல்லை, விலகினால் என்ன ஆகும் என்ற வரி இல்லை. என் பழைய 22 பக்கத்தைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். 5,000 இன்னும் வரவில்லை, புகார் எண் மட்டும் இருக்கிறது.

போகும்போது சிடிஆர்ஐயில் எப்படித் தேடுவது என்று காட்டினேன். இந்தியாவிலேயே ஒழுங்காக நடக்கும் ஆய்வுகளும் இருக்கின்றன, பகல் வண்டியில் போய் இரவு வண்டியில் திரும்பும் தூரத்தில். சேரச் சொல்லவில்லை, படித்துப் பார்க்கச் சொன்னேன்.

9 நவம்பர்

நேற்று இரவு தம்பி போன் செய்தான். பதிவேட்டில் ஒரு ஆய்வை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்திருக்கிறான்.

"அக்கா, யாருக்கு நிஜ மருந்து, யாருக்குப் போலின்னு அங்க யாருக்குத் தெரியும்?"

"உனக்குத் தெரியாது. மாத்திரை கொடுக்கிற நர்ஸுக்குத் தெரியாது. உன்னைப் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. அவசரம்னா மட்டும் உறையைப் பிரிச்சுப் பார்ப்பாங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் எங்கேயோ தறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப எனக்குச் சர்க்கரை மாத்திரைதான்னு அந்தாளுக்கு மட்டும் எப்படிக்கா தெரிஞ்சுது?"